குடியாத்தத்தில் தொடங்குங்கள்: கையால் எழுதி ஒரு தமிழ் எழுத்துரு

தமிழ் எழுத்துரு செய்ய உட்காருகிறவர்களில் பலர் ‘அ’வில் தொடங்குகிறார்கள். அரிச்சுவடிப் பழக்கம். ‘அ’ அழகான எழுத்துதான். ஆனால் அது சொல்லின் தலையில் மட்டுமே வரும்; அதன் வடிவத்திலிருந்து ‘ஆ’வைத் தவிர வேறெதையும் பெற முடியாது. அதையே நாள்கணக்கில் மெருகேற்றிவிட்டு ‘கு’வுக்கு வந்தால், இரண்டையும் வெவ்வேறு ஆட்கள் எழுதியதுபோல் இருக்கும். முதலில் ஓர் ஊர்ப் பெயரை எழுதுங்கள் என்பதுதான் என் முறை.

நான் வேலூரில் கடைப் போர்டு எழுதிப் பிழைத்தவன். பிளெக்ஸ் வந்து தொழிலைச் சாப்பிட்ட பிறகு கணினிக்கு மாறினேன். போர்டில் ‘காட்பாடி’ எழுதும்போது அந்த ஒரு சொல்லுக்குத்தான் நான் பொறுப்பு. தகரத்தில் இடம் போதாவிட்டால் ‘பா’வைக் கொஞ்சம் ஒடுக்கி, ‘டி’யின் விலங்கை, அதாவது மேலே வரும் இகர வளைவை, இழுத்து முடித்துவிடலாம். எழுத்துருவில் அந்தச் சலுகை கிடையாது. ஒரே ‘ப’ எந்த எழுத்துக்குப் பக்கத்திலும் கூசாமல் நிற்க வேண்டும்.

வேண்டிய பொருள்கள் அதிகமில்லை. தடித்த வரைதாள், பென்சில், நடுத்தர அளவில் ஒரு வட்டப் பிரஷ், கறுப்பு போஸ்டர் கலர். எனாமல் வேண்டாம், காயவும் நேரமாகும், தின்னர் வாடைக்கு வீட்டிலும் சண்டை வரும். தட்டைப் பிரஷ்ஷையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அது திரும்பும்போதெல்லாம் கோடு தடித்தும் மெலிந்தும் போகும். ஆங்கில எழுத்துக்கு அது அணி. தமிழில் ‘ண’வின் சுழிகளுக்குள் தடிப்பு குவிந்து ஓட்டை அடைபடும். ஒரே தடிப்பில் எலும்புக்கூடு சரியாக வந்த பிறகு அலங்காரம் செய்யலாம்.

நான்கு கோடு போடுங்கள். நடுவில் எழுத்தின் உடம்புக்கு 5 செ.மீ., மேலே விலங்குக்கும் புள்ளிக்கும் 2.5 செ.மீ., கீழே இன்னொரு 2.5 செ.மீ. புதியவர்கள் கீழ்ப்பகுதியில் கஞ்சத்தனம் பண்ணுவார்கள். பிறகு ‘ழ’வும் ‘து’வும் கால் மடக்கி உட்கார்ந்திருக்கும். எல்லா எழுத்தையும் ஒரே அகலப் பெட்டிக்குள் அடைக்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். ‘ர’ ஒல்லி, ‘ண’ அகலம். அவை அப்படித்தான் இருக்க வேண்டும்.

இனி முதல் சொல்: குடியாத்தம். இதில் ‘கு’ கோட்டுக்குக் கீழே இறங்குகிறது. ‘டி’யில் விலங்கு, ‘யா’வில் கால், ‘த்’தில் புள்ளி. ‘ட’, ‘ய’, ‘ம’ ஆகியவற்றின் நேர்கோடுகளிலிருந்து ‘ப’ வந்துவிடும். ‘த’வின் தலைதான் ‘க’வுக்கும் ‘ச’வுக்கும். இரண்டாவது சொல் வேலூர். ‘வே’யில் இரட்டைக் கொம்பு, ‘வ’, ‘லூ’ இரண்டிலும் சுழி. அந்தச் சுழியின் அளவை வைத்து ‘ன’, ‘ண’, ‘ள’ எழுதலாம். இந்த இரண்டு பெயர்களையும் சலிக்கும்வரை எழுதுங்கள். ஒவ்வொரு தாளிலும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள்: ஒன்றில் சுழியைப் பெரிதாக்குங்கள், ஒன்றில் மூலைகளைக் கூராக்குங்கள், ஒன்றில் புள்ளிக்குப் பதில் வட்டம் போடுங்கள். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது நன்றாக இருந்தது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

‘வேலூர்’ இன்னொரு கேள்வியையும் கேட்கும். ‘ர்’ எழுதும்போது ‘ர’வின் சாய்ந்த வாலைப் போடுவதா, வெறும் கால்போல் நிறுத்திப் புள்ளி வைப்பதா? பழைய கை பெரும்பாலும் வாலை விட்டுவிடும், ‘ரி’யிலும் அப்படித்தான். இரண்டும் சரி. ஆனால் ஓர் எழுத்துருவுக்குள் ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு வால் வேண்டும். அது இருந்தால் தூரத்தில் கண் தடுமாறாது.

உகர வரிசையில்தான் ஆளின் தரம் தெரியும். பதினெட்டையும் தனித்தனியாக வரையாதீர்கள். அவை மூன்று குடும்பங்கள். ஙு, சு, பு, யு, வு ஐந்திலும் ஒரு கோடு நேராகக் கீழே இறங்கும். கு, டு, மு, ரு, ழு, ளு ஆறும் கீழே வளைந்து எழுத்தைச் சுற்றிவரும். ஞு, ணு, து, நு, லு, று, னு ஏழும் கீழே போய் மறுபடி மேலே ஏறும். குடும்பத்துக்கு ஒன்றை, அதாவது பு, மு, து மூன்றையும் முடித்துவிட்டு, அந்த வளைவைப் படியெடுத்து மற்றவற்றில் பொருத்துங்கள். நெடிலில் ‘கூ’ மட்டும் குடும்பத்தோடு ஒட்டாது. அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

247 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ‘கொ’ என்பது கொம்பும் ‘க’வும் காலும் சேர்ந்ததுதான். உயிர் 12, ஆய்தம் 1, அகர வரிசை 18, புள்ளி வைத்தவை 18, இகர ஈகாரங்கள் 36, உகர ஊகாரங்கள் 36, தனிக் குறிகள் 5. மொத்தம் 126. அதன் பிறகு ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, ஸ்ரீ, எண்கள், நிறுத்தக் குறிகள். இகர வரிசையைத் தனித்தனியாகவே வரையுங்கள். விலங்கு ஒவ்வோர் எழுத்திலும் வெவ்வேறு இடத்தில் சேரும். ‘டி’யில் அது சேரும் விதமே வேறு.

வரைந்ததைச் சோதிக்க எங்கள் பஸ் நிலையத்தைவிட நல்ல சொல் பட்டியல் எனக்குக் கிடைத்ததில்லை. ராணிப்பேட்டை: ‘ர’வும் காலும் ஒட்டி நிற்கும்; இரண்டும் வேறு என்று பார்த்ததும் தெரிய வேண்டும். சத்துவாச்சாரி: கால் தன் எழுத்துக்கு அருகிலும் அடுத்த எழுத்துக்குச் சற்றுத் தள்ளியும் இருக்கிறதா? ஒடுக்கத்தூர்: ‘டு’வும் ‘தூ’வும் கீழே பக்கத்து எழுத்துகளில் முட்டக் கூடாது. வாலாஜாபேட்டை, மேல்விஷாரம் இரண்டிலும் ‘ஜ’வும் ‘ஷ’வும் விருந்தாளிபோல் துருத்திக்கொண்டு நிற்கின்றனவா என்று பாருங்கள். அணைக்கட்டில் ‘ணை’.

அந்த ‘ணை’க்கு ஒரு கதை உண்டு. பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. ணை, லை, ளை, னை, ணா, றா, னா உட்பட 13 எழுத்துகள் மாறின. அதற்கு முந்திய ‘லை’க்கு முன்னால் யானைத் துதிக்கைபோல் ஒரு வளைவு இருந்தது. பழைய பாணியில் எழுத்துரு செய்கிறவர்கள் அந்த வடிவங்களை மாற்று எழுத்துகளாக உள்ளே வைக்கலாம். இயல்பாக வருவது இன்றைய வடிவமாகவே இருக்கட்டும். பள்ளிப் பிள்ளைகளும் படிக்க வேண்டும் அல்லவா?

இரண்டு உள்ளூர்ப் பரிசோதனைகள் சொல்கிறேன். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் வங்காள நோயாளிகளுக்காக வங்காளத்திலும் போர்டு உண்டு. வங்காள எழுத்து தலைக்கோட்டிலிருந்து தொங்கும். தமிழ் அடிக்கோட்டில் உட்காரும். இரண்டையும் ஒரே போர்டில் எழுத, ‘க’, ‘த’வின் தட்டையான தலையை வங்காளத் தலைக்கோட்டின் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள், விலங்கும் புள்ளியும் அதற்கு மேலே போகட்டும். இன்னொன்று மேல்பாடி. அங்கே அரிஞ்சய சோழனுக்காக முதலாம் ராஜராஜன் எடுத்த பள்ளிப்படைக் கோயிலில், அதாவது நினைவுக் கோயிலில், கல்வெட்டு எழுத்துகள் இருக்கின்றன. சாய்ந்த வெயிலில் படம் எடுங்கள். சுவரில் தாளோ சாக்பீஸோ வைக்கக் கூடாது. உளி நின்ற இடத்தில் கோடு எப்படி முடிகிறது என்று கவனித்து, அந்த முடிவை மட்டும் உங்கள் ‘ப’வுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

கணினி வேலை பொறுமை கேட்கும், திறமை அதிகம் கேட்காது. தாளை ஸ்கேன் செய்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் ‘டிரேஸ் பிட்மேப்’ கொடுங்கள்; படம் கோட்டு வடிவமாகும். அது வாரி இறைக்கும் புள்ளிகளை அழித்துவிட்டு, வளைவின் உச்சி, அடி, இடது, வலது ஓரங்களில் மட்டும் புள்ளி வையுங்கள். பிறகு எழுத்துரு செய்யும் மென்பொருளான ஃபாண்ட்ஃபோர்ஜ். எழுத்துக் கட்டத்தின் உயரம் 1000 அலகு. வளைந்த அடிகளைக் கோட்டுக்குக் கீழே 10 அலகாவது இறக்குங்கள். இல்லாவிட்டால் ‘ப’வுக்குப் பக்கத்தில் அவை மிதப்பதுபோல் தெரியும். ‘க’வும் உகரக் குறியும் சேர்ந்தால் ‘கு’ என்று லிகேச்சர் விதி, அதாவது இரண்டை ஒரே வடிவாக்கும் விதி, எழுதும்போது, எழுத்துமுறையாகத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். அதை விட்டால் இரண்டும் தனித்தனியாக நிற்கும். கொம்பை முன்னால் நகர்த்தும் வேலையைக் கணினியே பார்த்துக்கொள்ளும்.

முடிந்ததும் ஊர்ப் பெயர்களைத் தாளுக்கு ஓர் ஊராக அச்சடித்து எதிர்வீட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு, தெருவைக் கடந்து வந்து பாருங்கள். எந்த எழுத்தில் கண் தடுக்குகிறதோ அதைத் திருத்துங்கள். பிளெக்ஸ் கடைக்குக் கொடுக்கும்போது எழுத்துருக் கோப்பைக் கொடுக்காதீர்கள். பல கடைகளில் யூனிகோடுக்கு முந்திய பழைய எழுத்துருக்கள்தான் இன்னமும் ஓடுகின்றன. உங்கள் ‘கு’ அங்கே கட்டமாகிவிடும். சொற்களைக் கோட்டு வடிவமாக மாற்றி, பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள்.