தம்பி வேலை பார்க்கும் சப்ளை கப்பலைப் போனில் தேடுவது எப்படி

என் தம்பி மும்பை ஹை எண்ணெய் வயல் பக்கம் ஓடும் சப்ளை கப்பலில் மோட்டார்மேன், அதாவது இஞ்சின் ரூம் ஆள். பாலக்கோட்டில் உட்கார்ந்துகொண்டு அவன் கப்பலை நான் பார்க்கும் வழி இது.

முதலில் கப்பலின் ஐஎம்ஓ எண்ணை, அதாவது ஒவ்வொரு கப்பலுக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணை, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெயரை நம்பித் தேடினால் ஒரே பெயரில் நாலு கப்பல் வந்து நிற்கும். கொடி, அதாவது கப்பல் பதிவான நாடு, மாறினால் எம்எம்எஸ்ஐ எனும் ரேடியோ அடையாள எண்ணும் மாறிவிடும். இந்தியக் கொடிக்கு அது 419-இல் தொடங்கும். ஐஎம்ஓ எண் மட்டும் கப்பலை உடைக்கும்வரை மாறாது. மொத்தம் ஏழு இலக்கம். இரைச்சலில் போனில் கேட்டு எழுதியது சரியா என்று பார்க்க, முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 9074729 என்றால் 139 வரும். இந்தக் கூட்டுத்தொகையின் கடைசி இலக்கமும் ஐஎம்ஓ எண்ணின் கடைசி இலக்கமும் ஒன்றாக இருந்தால் எண் சரி. இங்கே இரண்டுமே ஒன்பதில் முடிகின்றன.

அந்த எண்ணை மரைன்டிராஃபிக், வெசல்ஃபைண்டர் போன்ற கப்பல் தேடும் தளத்தில் போடுங்கள். உடனே வரைபடத்தைப் பார்க்காதீர்கள், "கடைசியாகக் கிடைத்த நேரம்" என்ன என்று பாருங்கள். கப்பல் தன் இடத்தைத் தானே ரேடியோவில் அறிவிக்கும் ஏஐஎஸ் சிக்னல், கரையிலுள்ள ஆண்டெனாவுக்கு 40 கடல் மைல் (சுமார் 74 கிலோமீட்டர்) வந்தாலே பெரிது. மும்பை ஹை கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். அதற்குமேல் சாட்டிலைட் தகவல்தான், அதற்குப் பெரும்பாலும் காசு கேட்பார்கள். அதனால் கப்பல் நேற்றிலிருந்து காணோம் என்று பதற வேண்டாம். நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்தால், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். போகுமிடம் என்று இருப்பது கப்பலில் கையால் டைப் செய்வது. பழையதை மாற்றாமலே விட்டுவிடுவார்கள்.

"ஏங்கண்ணு, ஒரே எடத்துல நிக்குதே, ரிப்பேரா?" என்று அம்மா கேட்பார். இல்லை. கடலில் நிற்கும் எண்ணெய்க் கிணற்று மேடையான பிளாட்ஃபாரம் பக்கத்தில் சரக்கு இறக்கும்போது நங்கூரம் போடாமலே, கம்ப்யூட்டர் புரொப்பல்லர்களை இயக்கிக் கப்பலை அதே இடத்தில் நிறுத்தி வைக்கும். அதுதான் டிபி (டைனமிக் பொசிஷனிங்). டிபி2 என்றால் ஒரு கருவி பழுதானாலும் இடம் நகராது.

அப்புறம் கப்பலின் வகை. பிஎஸ்வி (பிளாட்ஃபாரம் சப்ளை வெசல்) என்றால் டீசல், தண்ணீர், சிமெண்ட், குழாய் ஏற்றிப் போவது. ஏஹெச்டிஎஸ் (நங்கூரம் கையாளும் இழுவை சப்ளை கப்பல்) எண்ணெய் தோண்டும் ரிக்கையே இழுக்கும், அதன் நங்கூரங்களையும் கையாளும். அதில் பார்க்க வேண்டியது போல்லார்டு புல், அதாவது எத்தனை டன் இழுவிசை என்பது. பிஎஸ்வியில் டெக் பரப்பளவும் டெட்வெயிட்டும், அதாவது கப்பல் ஏற்றக்கூடிய மொத்த எடையும்.

உரிமையாளர், வயது, துறைமுகச் சோதனையில் கண்ட குறைகள் எல்லாம் ஈக்வாசிஸ் எனும் கப்பல் தகவல் தளத்தில் இலவசம், பதிவு செய்தால் போதும். இழுவிசையும் டெக் பரப்பும் கம்பெனியின் ஸ்பெக் ஷீட்டில்தான் (கப்பலின் தொழில்நுட்ப விவரத் தாள்) இருக்கும். அது கிடைக்காவிட்டால், ஈக்வாசிஸில் கப்பலின் பழைய பெயர்களும் வரும். அந்தப் பெயரோடு ஸ்பெக் ஷீட்டைத் தேடி, ஐஎம்ஓ எண் பொருந்துகிறதா என்று பாருங்கள்.