மலையில வீடு கட்டுறீங்களா? லீன் முறைய சைட்டுக்கு கொண்டுவர்றது இப்படித்தான்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் செலவு எகிறிடுச்சுன்னு சொல்றவங்க எல்லாரும் சிமெண்ட் விலையையும் கூலியையும்தான் பேசுறாங்க. ஒரு நாள் முழுக்க சைட்ல நின்னு பாருங்க, ஜல்லி வரலன்னு கொத்தனார் உக்காந்திருப்பாரு, கம்பி கட்டி முடியலன்னு எலக்ட்ரீஷியன் திரும்பி போயிருப்பாரு, காசு போறது அங்கதான்.

லீன்ங்கிறது டொயோட்டாவுல தாய்ச்சி ஓனோ வளத்தெடுத்த முறை. 1992ல லவுரி கோஸ்கெலாங்கிற ஆராய்ச்சியாளர் இத கட்டுமானத்துக்கு எப்படி பொருத்தலாம்னு எழுதுனாரு, அப்புறம் கிளென் பல்லார்டும் கிரெக் ஹவலும் லாஸ்ட் பிளானர்னு, வேலைய செய்யுறவங்களே சேந்து திட்டம் போடுற ஒரு முறைய கொண்டுவந்தாங்க. ஆள கொறைக்கிறது, கூலிய இறுக்குறதுன்னு தயவுசெஞ்சு இத எடுத்துக்காதீங்க. காத்திருப்பு, இடிச்சு திரும்ப செய்யுறது, ஒரே பொருள பல தடவ தூக்குறது, இதையெல்லாம் எடுக்குறதுதான் லீன்.

மொதல்ல மேஸ்திரி, சென்ட்ரிங்காரர், கம்பி கட்டுறவர், பிளம்பர், எலக்ட்ரீஷியன் எல்லாரையும் ஒண்ணா உக்கார வைங்க. தளம் போடுற தேதிய முடிவு பண்ணிட்டு அங்கிருந்து பின்னாடி வாங்க, ஒவ்வொருத்தர்கிட்டயும் "உங்க வேலைக்கு முன்னாடி என்ன முடிஞ்சிருக்கணும்ணே?"ன்னு கேட்டு சீட்டுல எழுதி சுவத்துல ஒட்டுங்க. தளத்துக்குள்ள போற பைப்ப யாரும் மறக்க மாட்டாங்க, பூசுன சுவத்த திரும்ப கொத்துற வேலையும் இருக்காது. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு மழை, அதனால அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுறதும் தடுப்புச்சுவரும் அதுக்கு முன்னாடியே முடிஞ்சாகணும். கூடலூர் பக்கம்னா கணக்கே வேற, அங்க ஜூன்லயே தென்மேற்கு மழை பிடிச்சுக்கும்.

சென்ட்ரிங், அதாவது கான்கிரீட் இறுகுற வரைக்கும் தாங்குற பலகையும் முட்டும், அத பிரிக்கிற நாள சமவெளி கணக்குல போடாதீங்க. ஐஎஸ் 456ங்கிற இந்திய கான்கிரீட் தரவிதிப்படி, 4.5 மீட்டர் வரைக்கும் ஸ்பான் (தாங்கலுக்கு தாங்கல் உள்ள தூரம்) இருக்குற தளத்துக்கு முட்டு 7 நாள், அதுக்கு மேலன்னா 14 நாள். ஆனா அது சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு (ஓபிசி), வெப்பநிலை 15 டிகிரிக்கு கீழ போகாத இடத்துக்கு சொன்னது. நம்ம ஊர்ல டிசம்பர் ராத்திரி எப்படி இருக்கும்னு தெரியும்ல, இஞ்சினியர்கிட்ட கேட்டு நாள கூட்டி பிளான்லயே எழுதிடுங்க. இதுல அவசரம் வேண்டவே வேண்டாம், மேல வீடு நிக்கணும்.

அடுத்து, ஆறு வாரத்துக்கு முன்னாடியே பாத்து வைக்கணும். ஜேசிபிக்கு அனுமதி, வரைபடம், ஜன்னல் அளவு, லோடு எது பாக்கி இருந்தாலும் அந்த வேலைய அடுத்த வார லிஸ்ட்ல சேக்காதீங்க. என்ன கேட்டா லீன்ல மொத்த உயிரும் இங்கதான் இருக்கு, தயாரா இல்லாத வேலைய ஆரம்பிக்காம இருந்தாலே பாதி சிக்கல் வராது.

சனிக்கிழமை கூலி போடுறப்ப ஒவ்வொருத்தரும் அடுத்த வாரம் என்ன முடிக்கிறோம்னு அவங்க வாயாலயே சொல்லட்டும், நீங்க சொல்லி தலையாட்ட வைக்காதீங்க. அடுத்த சனிக்கிழமை எண்ணுங்க, பத்து சொல்லி ஏழு முடிஞ்சிருந்தா 70 சதவீதம். முடியாத மூணுக்கு யாரையும் திட்டாம காரணத்த எழுதுங்க, திட்டுனா அடுத்த வாரம் உண்மை வராது. ஒரே காரணம் திரும்ப திரும்ப வந்தா அத மட்டும் பிடிச்சு சரி பண்ணுங்க.

சரக்கு விஷயத்துல மட்டும் டொயோட்டா மாதிரி அன்னன்னிக்கு வரவழைக்கிறது இங்க ஒத்து வராது. மேட்டுப்பாளையத்துல இருந்து லோடு ஏறணும், மண் சரிஞ்சா ரோடு அடைச்சிடும், ஏப்ரல் மே சீசன்ல டிராஃபிக் வேற. அதனால சில நாளைக்கு தேவையானது கையில இருக்கட்டும், ஆனா மூணு மாசத்துக்கு சிமெண்ட் வாங்கி அடுக்காதீங்க, பனியிலயும் ஈரத்துலயும் கட்டி பிடிச்சு பலம் போயிடும். லாரி சைட் வரைக்கும் வராத எடத்துல ரோட்டோரம் கொட்டி, பிக்கப்ல ஏத்தி, திரும்ப தலைச்சுமையா எறக்குறோமே, அந்த மூணு தடவைய ரெண்டா கொறைக்க என்ன வழின்னு வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சித்தாளுங்ககிட்ட கேளுங்க, எந்தப் படி வழியா எறக்கலாம், எங்க கொட்டலாம்னு அவங்களுக்குத்தான் நல்லா தெரியும்.