வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவிரிப் படுகையில் வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்பு படிப்பது புதிதல்ல. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இல் தொலைநிலைக் கல்வியைத் தொடங்கிய காலத்திலிருந்து, சீர்காழியிலும் மன்னார்குடியிலும் எத்தனையோ ஆசிரியர்களும் கூட்டுறவுச் சங்க எழுத்தர்களும் அஞ்சலில் வந்த பாடப் புத்தகங்களைப் படித்தே பட்டம் பெற்றிருக்கிறார்கள். அந்தப் பழைய நம்பிக்கையாலேயே இன்று சேர்கிறவர்கள் விசாரிக்க வேண்டியதை விசாரிக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்று கருதுகிறேன்.

பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்துச் சேர்வதுதான் பெரிய தவறு. தொலைநிலைக் கல்விக்கு யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழு தரும் அங்கீகாரம் எந்தப் படிப்புக்கு, எந்தக் கல்வியாண்டுக்கு என்று குறிப்பிட்டே தரப்படுகிறது. அண்ணன் எம்.காம். முடித்த அதே இடத்தில், தங்கை சேரும் ஆண்டில் அந்தப் படிப்பு பட்டியலில் இல்லாமல் போகலாம். ஆகவே யுஜிசி தொலைநிலைக் கல்விப் பணியகத்தின் இணையதளத்தில் அவ்வாண்டுப் பட்டியலைப் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். தொலைநிலைப் பட்டமும் நேரடி வகுப்புப் பட்டமும் இணையானவை என்று யுஜிசி 2022 செப்டம்பரில் அறிவித்ததும் இந்த அங்கீகாரம் உள்ள பட்டங்களுக்கே பொருந்தும். பொறியியல், மருத்துவம், சட்டம், செவிலியம் ஆகியவற்றைத் தொலைநிலையில் தருவதாக ஒருவர் சொன்னால், மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

இடைத்தரகரிடம் பணம் கட்டுவது அடுத்த தவறு. ஒரு சத்துணவு அமைப்பாளர் தம் ரசீதை என்னிடம் காட்டினார். நான்காக மடித்து மஞ்சள் பையில் பத்திரப்படுத்தியிருந்தார். அதில் தெருமுனைப் பயிற்சி மையத்தின் முத்திரை இருந்ததே தவிர, பல்கலைக்கழகத்தின் பெயரும் இல்லை, சேர்க்கை எண்ணும் இல்லை. ஓராண்டுக் கட்டணம் போயிற்று. அந்த அம்மாவின் முகத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. கட்டணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே நேராகச் செல்ல வேண்டும்.

அரசு வேலையில் இருப்பவர்கள் துறையின் முன் அனுமதியைப் பெறாமல் சேர்ந்துவிட்டுப் பிறகு பதவி உயர்வின்போது தவிக்கிறார்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, இளநிலை என்ற வரிசை இல்லாமல் திறந்தநிலையில் நேரடியாகப் பெற்ற முதுகலைப் பட்டமும் அரசுப் பணிக்கு உதவாது. முனைவர் பட்டத்தைப் பகுதிநேரமாகச் செய்யலாம். ஆனால் தொலைநிலையில் செய்ய முடியாது. பகுதிநேர ஆய்வுக்கு வேலை தருபவரின் தடையின்மைச் சான்றும் வேண்டும்.

இவற்றையெல்லாம் சரியாகச் செய்தவர்களும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு; அது தேர்வுக் காலம். இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கின்றன. ஒரு கிராம நிர்வாக அலுவலருக்கு அக்டோபர், நவம்பர் மாதங்கள் சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் என்ற சாகுபடிச் சான்று எழுதுவதிலேயே கரைந்துவிடும். அது முடிவதற்குள் புயலும் மழையும் வந்து, பயிர்ச் சேதக் கணக்கெடுப்பு தொடங்கிவிடும். கஜா புயல் கரையைக் கடந்ததும் 2018 நவம்பர் 16இல்தான். மே மாதம் வந்தால் ஜமாபந்தி என்ற கிராமக் கணக்குத் தணிக்கை. நெல் கொள்முதல் நிலையத்தில் இருப்பவருக்கோ அறுவடை தொடங்கும் தை முதல் பங்குனி வரை மூச்சுவிட நேரமில்லை. ஊரில் எல்லோரும் இரண்டு ஆண்டில் முடிக்கிறார்களே என்று ஒரே பருவத்தில் எல்லாத் தாள்களுக்கும் பணம் கட்டுகிறவர்கள், பாதித் தேர்வுக்குப் போகாமலேயே சோர்ந்து படிப்பை விட்டுவிடுகிறார்கள். இக்னோவில் இரண்டாண்டு எம்.ஏ.வை முடிக்க நான்கு ஆண்டு வரை இடம் உண்டு. சேரும் நாளிலேயே தம் வேலையின் மாதக் கணக்கை எழுதிப் பார்த்து, நெருக்கடியான பருவத்துக்கு ஒரு தாள், இளைப்பாறும் பருவத்துக்கு மூன்று தாள் என்று பிரித்துக்கொள்வதே நல்லது.

வீட்டிலிருந்தே எழுதித் தரும் பயிற்சித் தாள்களான ஒப்படைப்புகளை அலட்சியம் செய்யவும் கூடாது. அவற்றுக்குப் பெரும்பாலும் 30 விழுக்காடு மதிப்பெண் உண்டு. மழைக்கால இரவுகளில் எழுதியே பெறக்கூடிய மதிப்பெண் அது. நேரில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டும், இணையத்தில் அனுப்பினால் வந்த பதில் அஞ்சலும் மதிப்பெண் பட்டியல் கைக்கு வரும்வரை இருக்கட்டும்.