பாலை நிறுத்துவதும் பருப்புத் தண்ணீரும்: எச்.ஐ.வி. உள்ள தாய்மாரின் குழந்தைக்கு இணை உணவில் தவிர்க்க வேண்டியவை

எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு, எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் ‘கொடுக்கலாம்’ என்று விடை கிடைத்த பிறகும் வீட்டாரின் பயம் எளிதில் விலகுவதில்லை. நீலகிரியின் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் இக்குழந்தைகளுக்கு உணவூட்டுவதில் நேரும் தவறுகளுள் சில அந்தப் பயத்தில் பிறக்கின்றன; சில மலைவாழ்க்கையின் நெருக்கடியால் வருகின்றன.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு ஆறு மாதம் நிறையும் முன்பே பசும்பாலையோ பிஸ்கட் கரைசலையோ சேர்த்துக் கொடுப்பது முதல் தவறு. இவை பிஞ்சுக் குடலின் உட்சுவரைப் பாதிக்கக்கூடும் என்பதால், பால்வழியே தொற்று நுழையும் வாய்ப்பு கூடுகிறது. கொழுந்து பறிக்கப் போகும் தாய், பாலைப் பீய்ச்சிச் சுத்தமான பாத்திரத்தில் மூடிவைத்துவிட்டால், பாட்டி அதையே பாலாடையில் புகட்டலாம்.

ஆறு மாதம் முடிந்த மறுநாளே பாலை அடியோடு நிறுத்துவது இதற்கு நேர்மாறான தவறு. தாய் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தை நாள்தோறும் தவறாமல் உட்கொண்டு, இரத்தத்தில் வைரஸ் அளவு அடங்கியிருந்தால், பால்வழித் தொற்றின் ஆபத்து முற்றிலும் நீங்காவிட்டாலும் மிகவும் குறைந்துவிடுகிறது. அத்தகைய தாய் குறைந்தது 12 மாதம் பாலூட்ட வேண்டும் என்றும், 24 மாதமோ அதற்கு மேலுமோ தொடரலாம் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. எப்போது நிறுத்துவது என்பதை அந்த மருந்தைத் தரும் ஏ.ஆர்.டி. மைய மருத்துவரிடம் பேசி முடிவு செய்து, ஒரு மாத காலத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

குழந்தையின் வளர்ச்சியை மிகுதியாகக் கெடுப்பது நீர்த்த உணவே என்பது என் கருத்து. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் தண்ணீர் 93 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் பருப்பு எளிதில் குழைவதில்லை. வேகாத பருப்பை ஒதுக்கிவிட்டு, மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் சோற்றில் ஊற்றிப் பிசைந்தால் வயிறு நிறையுமே தவிர உடம்பில் சதை பிடிக்காது. பருப்பைக் குக்கரில் குழைய வேகவைத்து, கரண்டியைச் சாய்த்தாலும் வழிந்தோடாத பதத்தில் மசித்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ சேர்த்துக் கொடுக்க வேண்டும். இங்கே கைக்கெட்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் நல்லவையே, ஆனால் அவற்றோடு முட்டை, பருப்பு, அங்கன்வாடியில் தரும் சத்துமாவு ஆகியவையும் இருந்தாக வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு 6 முதல் 8 மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று முறையும், 9 மாதத்துக்குப் பின் மூன்று நான்கு முறையும் உணவு தேவை. பால் நிறுத்தப்பட்ட குழந்தைக்கு இன்னும் அதிகம் தேவை. குளிருக்கு இதம் என்று தேநீர் கொடுப்பதை முழுதும் விட்டுவிட வேண்டும், ஏனெனில் அது உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவிடாமல் தடுக்கிறது.

ஆறாம் வாரப் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தவுடன் நிம்மதியடைந்து, எடை பார்ப்பதையும், பிற நோய்த்தொற்றுகள் வராமல் காக்கும் கோட்ரிமாக்சசோல் மருந்தையும் விட்டுவிடுவது மற்றொரு தவறு. பாலூட்டும் காலம் முழுதும் தொற்று ஏற்படக்கூடும் என்பதால், இறுதி முடிவு 18 மாதத்திலோ, பால் நிறுத்தி மூன்று மாதம் கழித்தோ, இவற்றுள் எது பிந்தியதோ அப்போதுதான் தெரியவரும். தொற்றே பெறாத இக்குழந்தைகளிடமும் வளர்ச்சி சற்றுப் பின்தங்குவது பல நாடுகளில் காணப்பட்டுள்ளது. ஆறு மாதம் கடந்த குழந்தையின் புயச் சுற்றளவு (மேற்கையின் நடுவில் அளக்கும் சுற்றளவு) 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் அது கடும் ஊட்டச்சத்துக் குறைவு. அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

ஊரார் அறிந்துவிடுவார்களோ என்று அஞ்சி அங்கன்வாடிக்கே போகாத தாய்மார் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: எடை பார்க்கவும் சத்துமாவு வாங்கவும் தம் நோய்நிலையை யாரிடமும் சொல்லத் தேவையில்லை, அதைச் சொல்லும்படி வற்புறுத்துவதை 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டமும் அனுமதிப்பதில்லை.