ஃபீட்லாட் ஆட்களுக்குத் தர விதிகளைப் புரியவைப்பது எப்படி

டெக்சஸ், கான்சஸ், நெப்ராஸ்கா பக்கத்து ஃபீட்லாட்டுகளில், அதாவது இறைச்சி மாடுகளைத் தீவனம் போட்டுக் கொழுக்கவைக்கும் பட்டிகளில், பி.க்யூ.ஏ. என்ற மாட்டிறைச்சித் தர உறுதித் திட்டம்தான் பொதுவான அளவுகோல். அதன் கையேட்டை மேலாளரிடம் கொடுத்துவிட்டு வந்தால் அது அலமாரிக்குப் போகுமே தவிர, ஊசி போடுகிறவரின் கைக்கு வராது.

யாருக்கு எது வேண்டும் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். உரிமையாளரிடம் பணக்கணக்கைப் பேசுங்கள். ஓராண்டுக்குள் ஒரு தடவைக்கு மேல் இறைச்சியில் மருந்து எச்சம் பிடிபட்டால், விற்றவர் பெயரை அமெரிக்க இறைச்சிப் பரிசோதனைத் துறை பட்டியல் போட்டு வெளியிடும். தீவன வண்டிக்காரருக்கு மருந்து கலந்த தீவனத்தின் விதிகள் போதும். மாட்டைக் கூண்டில் பிடித்து ஊசி போடுகிற குழுவுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். அந்தக் குழுவில் பலருக்கு ஸ்பானிஷ்தான் வீட்டுமொழி. ஆங்கில அட்டையை ஒட்டிவிட்டு "சொல்லியாச்சு" என்பது ஏமாற்று வேலை.

பாடத்தைக் கூண்டுப் பக்கத்திலேயே, வேலை தொடங்கும் முன் இருபது நிமிடத்தில் முடியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு விஷயம் போதும்.

முதல் நாள் ஊசி இடம். காதுக்குப் பின்னால் தொடங்கி தோளுக்கு முன்னால் முடியும் கழுத்து முக்கோணத்தில் மட்டுமே போட வேண்டும். லேபிள் அனுமதித்தால் தசையில் போடாமல் தோலுக்கடியில். ஓர் இடத்தில் 10 மி.லி.க்கு மேல் கூடாது, லேபிள் அதற்கும் குறைவாகச் சொன்னால் அதுவே வரம்பு. இரண்டு ஊசிகளுக்கு நடுவே நாலு அங்குலம் இடைவெளி. காரணத்தை வாயால் சொல்வதைவிடக் கண்ணால் காட்டுவது மேல்: ஒரு துண்டு மாட்டிறைச்சியில் உணவுச் சாயத்தை ஊசியால் ஏற்றி, வெட்டித் திறந்து காட்டுங்கள். தசையில் விழும் தழும்பு தன்னைச் சுற்றி சுமார் மூன்று அங்குலத்துக்கு இறைச்சியை விறைக்க வைக்கும். பின்தொடையில் போட்டால் கெடுவது விலை கூடிய துண்டு.

அடுத்தது மருந்து விலக்குக் காலம், அதாவது கடைசி ஊசிக்குப் பிறகு மாட்டை வெட்டுக்கு அனுப்பாமல் காத்திருக்க வேண்டிய நாட்கள். சறுக்கல் அதிகம் நடப்பது இங்கேதான். நுஃப்ளோர் என்ற ஆன்டிபயாட்டிக் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தசையில் போட்டால் 28 நாள், தோலுக்கடியில் போட்டால் 38 நாள் கழித்துத்தான் மாட்டை வெட்டுக்கு அனுப்பலாம். மருந்து ஒன்றே; அளவும் போடும் முறையும் மாறினால் நாளும் மாறுகிறது. தோலுக்கடியில் 100 பவுண்டு எடைக்கு 6 மி.லி. "500 பவுண்டு கன்றுக்கு எவ்வளவு, எத்தனை இடத்தில்?" என்று குழுவையே கணக்குப் போடச் சொல்லுங்கள். 30 மி.லி., குறைந்தது மூன்று இடம். ஒரு நாள் என்பது கடைசி ஊசி போட்ட நேரத்திலிருந்து முழு 24 மணி நேரம்; காலண்டரில் தேதி மாறினால் ஒரு நாள் ஆகிவிடாது. அதனால் பதிவேட்டில் மாட்டின் எண், மருந்து, அளவு, எடை, இடம், முறை, தேதி, போட்டவர் பெயர் இவற்றோடு, "இந்தத் தேதிக்கு முன் அனுப்பாதே" என்ற கட்டமும் இருக்கட்டும். வண்டி ஏற்றுகிறவர் பார்ப்பது அந்த ஒரு கட்டத்தைத்தான்.

தடுப்பூசி விஷயத்தில் நல்லெண்ணமே கெடுதல் செய்யும். சுத்தமாக இருக்கட்டும் என்று சிரிஞ்சை சோப்பு, கிருமிநாசினி போட்டுக் கழுவுவார்கள். உயிருள்ள தடுப்பூசியை அந்த மிச்சமே கொன்றுவிடும். கொதிநீரால் மட்டும் கழுவச் சொல்லுங்கள். கலந்த பாட்டிலை வெயில் படாமல் குளிர்பெட்டியில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். 10–15 மாட்டுக்கு ஒரு முறை ஊசி மாற்ற வேண்டும். வளைந்ததை நிமிர்த்திப் போட்டால் அது உள்ளே முறியும். முறிந்த துண்டை எடுக்க முடியாவிட்டால் அந்த மாடு விற்பனைக்கே போகாது. இதை உடனே வந்து சொல்கிறவரைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை மறைப்பார்.

மாட்டைக் கையாளும் விதத்துக்கு அறிவுரை எடுபடாது, எண்ணிக்கைதான் எடுபடும். கூண்டில் நூறு மாடு போவதை ஃபோர்மேனையே எண்ணச் சொல்லுங்கள். மின்கோல் பட்டவை 10, விழுந்தவை 2, தடுக்கியவை 10, கத்தியவை 5, வெளியேறும்போது துள்ளி ஓடியவை 25: இவை உச்ச வரம்பு. தப்பாகப் பிடிபட்டு அப்படியே விடப்பட்ட மாடு ஒன்றுகூட இருக்கக் கூடாது. கணக்கு தாண்டினால் ஆளைக் குறை சொல்லும் முன் தரை வழுக்குகிறதா, கூண்டு வாயில் நிழலோ தொங்கும் சங்கிலியோ இருக்கிறதா என்று பாருங்கள்.

பி.க்யூ.ஏ. சான்றிதழ் மூன்று ஆண்டுக்குச் செல்லும். ஆட்கள் அவ்வளவு காலம் தங்குவதில்லை. புதிதாக வருகிறவர் முதல் சிரிஞ்சைத் தொடும் முன், கழுத்து முக்கோணத்தை ஒரு மாட்டின் மேல் கைவைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தெரியாதவரிடம் அன்றைக்குக் கதவு வேலையை மட்டும் கொடுங்கள்.