செல் மசியவில்லையா? முதலில் பிளேட்டைச் சந்தேகியுங்கள்: கணையப் புற்றுநோயில் மருந்து எதிர்ப்பை அளக்கும் முறை

கணையப் புற்றுநோய்ச் செல்லில் ஜெம்சிட்டபைன் என்ற மருந்தைப் போட்டு எம்.டி.டி. (உயிருள்ள செல் எவ்வளவு என்று ஊதா நிறத்தை வைத்து அளக்கும் சோதனை) பார்ப்பது இப்போது எம்.எஸ்சி. புராஜெக்ட்டிலேயே வந்துவிடுகிறது. ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் ஒரு ஹூட், ஒரு இன்குபேட்டர், ஒரு பிளேட் ரீடரை வைத்துக்கொண்டு இதைச் செய்கிறவர்களுக்கான குறிப்பு இது. செய்முறையைவிட முடிவை வாசிப்பதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். கிராஃபில் "எதிர்ப்பு" என்று தெரிவதில் செல்லின் பங்கு எவ்வளவு, அடர்த்தி, மைக்கோபிளாஸ்மா (செல் வளர்ப்பில் தொற்றும் மிகச் சிறிய பாக்டீரியா), பழைய மருந்து, மே மாத வெயில் இவற்றின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்த பிறகே வாய் திறக்க வேண்டும்.

மருந்து வேலை செய்யும் விதம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஜெம்சிட்டபைன் 1996ல் அமெரிக்காவில் கணையப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. செல்லுக்குள் அது போக ஹென்ட்1 என்கிற கடத்தி வேண்டும். உள்ளே போனதும் டி.சி.கே. நொதி முதல் பாஸ்பேட்டை ஒட்டினால்தான் மருந்துக்கு உயிர் வரும். சி.டி.ஏ. நொதி அதைச் செயலிழக்க வைக்கும். டி.என்.ஏ.வை இரட்டிக்கும் கட்டத்தில் இருக்கும் செல்லைத்தான் இந்த மருந்து பிடிக்கும்; சும்மா இருக்கும் செல் தப்பிவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

செல்லும் மீடியாவும்

பான்க்-1, மியா பாக்கா-2, பி.எக்ஸ்.பி.சி-3 என்ற மூன்று கணையப் புற்றுநோய்ச் செல் வகைகளையும் வைத்துக்கொள்வது நல்லது. கணைய நாளத்தில் வரும் புற்றுநோயில் பத்துக்கு ஒன்பது கட்டிகளில் கேராஸ் மரபணு மாறியிருக்கும். பான்க்-1ல் அந்த மாற்றம் ஜி12டி, மியா பாக்கா-2ல் ஜி12சி. பி.எக்ஸ்.பி.சி-3ல் கேராஸ் மாறாமல் இருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ஆனால் அதில் ஸ்மேட்4 மரபணுவே கிடையாது, ஸ்மேட்4 வழியாகச் சைகை அனுப்பும் டி.ஜி.எஃப்.-பீட்டா புரதத்தின் சோதனையை அதில் மட்டும் செய்துவிட்டு முடிவு கட்டாதீர்கள்.

மீடியா (செல் வளரும் ஊட்டத் திரவம்) பான்க்-1க்கு டி.எம்.இ.எம்., 10 சதவீதம் எஃப்.பி.எஸ். (கன்றுக் கரு சீரம்). மியா பாக்கா-2க்கு அதோடு 2.5 சதவீதம் குதிரை சீரம். பி.எக்ஸ்.பி.சி-3க்கு ஆர்.பி.எம்.ஐ. 1640, 10 சதவீதம் எஃப்.பி.எஸ். செல்லைப் புனே தேசிய செல் அறிவியல் மையம் போன்ற களஞ்சியத்திலிருந்து வாங்குங்கள். பக்கத்து லேப் நண்பரிடம் ஃபிளாஸ்க் கடன் வாங்கினால் எஸ்.டி.ஆர். சோதனை (செல்லின் டி.என்.ஏ. அடையாளம் பார்ப்பது) செய்யாமல் தொடாதீர்கள். வந்த வாரமே பத்து வயலாவது (சிறு குப்பி) உறைய வையுங்கள்: மி.லி.க்கு 10 லட்சம் செல், 90 சதவீதம் எஃப்.பி.எஸ்., 10 சதவீதம் டி.எம்.எஸ்.ஓ., நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் குளிர்ந்து மைனஸ் 80, மறுநாள் திரவ நைட்ரஜன். காசிமேட்டில் வாங்கும் ஐஸ் மீடியா பாட்டிலைக் கொண்டுவரப் போதும். உறைந்த வயலுக்கு உலர்பனிதான் வேண்டும்.

கையுறை, பிப்பெட் டிப், ஐசோப்ரொபைல் ஆல்கஹால் எல்லாம் பாரிமுனை நைனியப்ப நாயக்கன் தெருப் பக்கம் மலிவாகக் கிடைக்கும். சீரத்தையும், ஒட்டிய செல்லைப் பிரித்தெடுக்கும் டிரிப்சின் நொதியையும் அப்படி வாங்க வேண்டாம். குளிர் விடாமல் கொண்டுவந்து தரும் விநியோகஸ்தரிடம் மட்டும் வாங்குங்கள். சோதனை முடியும்வரை எஃப்.பி.எஸ். ஒரே லாட்டாக இருக்கட்டும்.

வடசென்னை வெயிலும் தண்ணீரும்

சாதாரண கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டருக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. உள்ளே 37 டிகிரி நிலையாக நிற்க, அறை அதைவிட 5 டிகிரியாவது குறைவாக இருக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் இரவு ஏ.சி.யை அணைத்துவிட்டுப் போனால் காலையில் உள்ளே 38, 39 இருக்கும். அந்த வாரக் கணக்கை நம்ப முடியாது. ஏ.சி. ஓடட்டும், உள்ளே தனியாக ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும். கரன்ட் போனால் கதவைத் திறந்து பார்க்கிற ஆசையை அடக்குங்கள்.

ஈரப்பதத் தட்டில் ஸ்டெரைல் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். இந்தப் பக்கத்து போர் தண்ணீரின் உப்பு ஸ்டீல் தட்டை அரித்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் பூஞ்சை வருவது பெரும்பாலும் அட்டைப்பெட்டியாலும் ஏ.சி. ஒழுகலாலும்தான், கல்ச்சர் ரூமுக்குள் அட்டை வேண்டாம்.

மைக்கோபிளாஸ்மா

மற்ற ஆராய்ச்சிகளில் இது ஒரு தொல்லை. ஜெம்சிட்டபைன் ஆராய்ச்சியில் முடிவையே புரட்டிப்போடும். சில மைக்கோபிளாஸ்மாக்களுக்குச் சொந்தமாகவே சி.டி.ஏ. உண்டு, மீடியாவில் இருக்கும் மருந்தைச் செல் தொடும் முன்பே தின்றுவிடும். "எதிர்ப்புள்ள செல்" என்று நீங்கள் கொண்டாடுவது உண்மையில் அழுக்கான ஃபிளாஸ்க்காக இருக்கலாம். கட்டிக்குள்ளேயே பாக்டீரியா இதே வேலையைச் செய்கிறது என்று 2017ல் சயின்ஸ் இதழில் ஆய்வு வந்தது.

மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவர் இல்லாததால் பெனிசிலின் ஒன்றும் செய்யாது. மீடியா கலங்காது, நுண்ணோக்கியிலும் தெரியாது. 0.22 மைக்ரான் ஃபில்டரிலும் நழுவிப் போகும். ஆன்டிபயாடிக் இல்லாத மீடியாவில் இரண்டு மூன்று நாள் வளர்த்து, நிரம்பிய ஃபிளாஸ்க்கின் மேல்மீடியாவில் பி.சி.ஆர். பாருங்கள். புதுச் செல் வந்தவுடன் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை. வந்திருந்தால் தூக்கி எறிவதே மலிவு. மருந்து கொடுத்துக் காப்பாற்றுவது வேறு கிடைக்காத செல்லுக்கு மட்டும்.

மருந்து

ஜெம்சிட்டபைன் ஹைட்ரோகுளோரைடின் மூலக்கூறு எடை 299.66. ஸ்டெரைல் தண்ணீரில் மி.லி.க்கு 3 மி.கி. கரைத்தால் 10 மில்லிமோலார். 50 மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 20ல் வையுங்கள். உருக்கியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். ஆஸ்பத்திரி வயலைப் பயன்படுத்தினால், அதில் மானிட்டாலும் சோடியம் அசிடேட்டும் கலந்திருக்கும். தூளை எடை போட்டால் கணக்கு தப்பும், லேபிளில் உள்ள அளவை வைத்துக் கணக்கிடுங்கள். கலக்கிய வயலை ஃபிரிட்ஜில் வைத்தால் படிகம் கட்டும்.

பிளேட் போடுவது

96 வெல் (குழி) பிளேட்டில் ஓர வெல்கள் ஆவியாகிக் கெடும். அவற்றில் வெறும் பி.பி.எஸ். உப்புக் கரைசல் 200 மைக்ரோலிட்டர் ஊற்றிவிட்டு நடுவில் உள்ள 60 வெல்லை மட்டும் பயன்படுத்துங்கள். 2ஆம் நெடுவரிசையில் செல் இல்லாத மீடியா, 3ல் மருந்தில்லாத செல், 4 முதல் 11 வரை எட்டு அளவு: 1, 3, 10, 30, 100, 300 நானோமோலார், 1, 10 மைக்ரோமோலார்.

வெல்லுக்கு 4,000 பான்க்-1 செல், 100 மைக்ரோலிட்டரில். டிரிபான் புளூ சாயத்தில் பாதிக்குப் பாதி கலந்து செல் எண்ணும் கண்ணாடியில் எண்ணும்போது ஒரு பெரிய சதுரத்துக்குச் சராசரி 62 வந்தால், 62 பெருக்கல் 2 பெருக்கல் 10,000, அதாவது மி.லி.க்கு 12.4 லட்சம். 7.5 மி.லி. தேவை என்றால் 3 லட்சம் செல் வேண்டும்: 0.24 மி.லி. செல், 7.26 மி.லி. மீடியா. டிரிப்சினில் 3 முதல் 5 நிமிடம்; கட்டியாக இருந்தால் எண்ணிக்கையே பொய். ஊற்றும்போது நடுநடுவே டியூபைக் கவிழ்த்துக் கலக்குங்கள், இல்லையென்றால் கடைசி வரிசையில் செல் வேறு அளவில் விழும். ஊற்றியதும் அறை வெப்பத்தில் 15 நிமிடம் ஆடாமல் வைத்துவிட்டு உள்ளே வையுங்கள்.

இதே செல்லில் இன்னொரு சின்ன பிளேட்டும் போடுங்கள். ஏன் என்பது கீழே வருகிறது.

24 மணி நேரம் கழித்து, இரண்டு மடங்கு அடர்த்தியில் தயாரித்த மருந்தை 100 மைக்ரோலிட்டர் சேருங்கள். மேல் அளவுக்கு 1 மி.லி. மீடியாவில் 10 மில்லிமோலார் ஸ்டாக் 2 மைக்ரோலிட்டர் விட்டால் 20 மைக்ரோமோலார். வெல்லில் அது 10 ஆகும். அதே நேரத்தில் சின்ன பிளேட்டுக்கு எம்.டி.டி. பார்த்துவிடுங்கள். அதுதான் தொடக்க அளவு.

72 மணி முடிவில் மி.லி.க்கு 5 மி.கி. எம்.டி.டி. 20 மைக்ரோலிட்டர், இருட்டில் 3 மணி நேரம். மீடியாவைப் பிளேட்டைச் சாய்த்துப் பிப்பெட்டால் மெதுவாக எடுங்கள்; கவிழ்த்து உதறினால் ஊதாப் படிகமும் சேர்ந்து போகும். டி.எம்.எஸ்.ஓ. 150 மைக்ரோலிட்டர், 10 நிமிடம் ஆட்டி, குமிழி இல்லாமல் 570 நானோமீட்டரில் படியுங்கள், 630ல் வருவதைக் கழியுங்கள். மருந்தில்லாத வெல் 80, 90 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருந்தால் அந்த பிளேட் செல்லாது: நெரிசலில் பெருகுவதை நிறுத்திய செல்லை ஜெம்சிட்டபைன் தொடாது.

40 சதவீதத்தில் நின்றுவிடும் கோடு

பான்க்-1 இரட்டிப்பாக ஏறக்குறைய 52 மணி ஆகும். 72 மணியில் அது 2.6 மடங்குதான் பெருகும். மருந்து ஒவ்வொரு செல்லையும் முழுதாக நிறுத்திவிட்டாலும், ஒன்றுகூடச் சாகாவிட்டால், மீட்டர் 38 சதவீதம் காட்டும். 40 மணியில் இரட்டிப்பாகும் மியா பாக்கா-2ல் அதே நிலை 29 சதவீதமாகத் தெரியும். மெதுவாக வளரும் செல் எப்போதும் "எதிர்ப்புள்ளதாக" வேஷம் போடும். இதைக் கவனிக்காமல் இரண்டு செல்லின் ஐ.சி.50ஐ (அளவைப் பாதியாகக் குறைக்கும் மருந்தடர்த்தி) அருகருகே போடும் ஆய்வேடுகள் ஏராளம்.

சின்ன பிளேட் இதற்குத்தான். மருந்திட்ட அளவிலிருந்து தொடக்க அளவைக் கழித்து, மருந்தில்லாத அளவிலிருந்து தொடக்க அளவைக் கழித்ததால் வகுங்கள். தொடக்கம் 0.30, மருந்தில்லாதது 0.78, மருந்திட்டது 0.36 என்றால் பழைய கணக்கில் 46 சதவீதம் உயிர். புதுக் கணக்கில் வளர்ச்சி 12.5 சதவீதம்தான். பூஜ்யம் என்றால் நின்றுவிட்டது, அதற்குக் கீழே என்றால் சாகிறது.

எம்.டி.டி. மட்டும் போதாது. ஜெம்சிட்டபைனில் மாட்டிய செல் பெருகாமலே பருத்து, செல் ஒன்றுக்கு அதிக ஊதா காட்டும். 6 வெல் பிளேட்டில் வெல்லுக்கு 500 செல், 24 மணி மருந்து, பிறகு மருந்தில்லாமல் 12 முதல் 14 நாள், 0.5 சதவீத கிரிஸ்டல் வயலட் சாயம். 50 செல்லுக்கு மேல் உள்ள காலனியை எண்ணுங்கள். நோயாளிக்கு மருந்து 30 நிமிடத்தில் ஏறி ரத்தத்திலிருந்து சீக்கிரம் மறைந்துவிடுவதால், 72 மணி ஊறவைப்பதைவிட இது கொஞ்சம் பொருத்தமானது.

எதிர்ப்புள்ள செல்லை வளர்த்தெடுப்பது

ஐ.சி.50ல் பத்தில் ஒரு பங்கில் தொடங்குங்கள். செல் பழைய வேகத்தில் பெருகத் தொடங்கியதும் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஏற்றுங்கள். ஆறு மாதமும் ஆகும், மேலும் ஆகும். பக்கத்திலேயே மருந்தில்லாத தாய்ச் செல்லை அதே பாசேஜ் (பிரித்து மறுபடி வளர்க்கும் சுற்று) எண்ணிக்கையில் நடத்த வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். ஒவ்வொரு படியிலும் உறைய வையுங்கள். கடைசியில் மூன்று நான்கு வாரம் மருந்தை நிறுத்திவிட்டுத் திரும்ப அளந்து பாருங்கள்: எதிர்ப்பு கரைந்துபோனால் அது தற்காலிகப் பழக்கம்.

காரணம் தேட நான்கு குறுக்குச் சோதனை போதும். சி.டி.ஏ.வைத் தடுக்கும் டெட்ராஹைட்ரோயூரிடின் சேர்த்ததும் மருந்து மறுபடி வேலை செய்தால் சி.டி.ஏ.; ஆனால் அதே விடை மைக்கோபிளாஸ்மாவுக்கும் வரும், பி.சி.ஆரைத் திரும்பப் பாருங்கள். டி.சி.கே.வையே நம்பியிருக்கும் சைட்டராபின் மருந்துக்கும் மசியாமல், அது தேவைப்படாத 5-ஃபுளூரோயூராசிலுக்கு மசிந்தால் டி.சி.கே. போயிருக்கலாம். தாய்ச் செல்லில் டைபிரிடமோலால் ஹென்ட்1ஐ அடைத்துப் பார்த்து, எதிர்ப்பு அதே அளவுக்கு வருகிறதா என்று ஒப்பிடுங்கள். மூன்றிலும் பிடிபடாவிட்டால் வெஸ்டர்ன் பிளாட்டில் (புரத அளவைப் பார்க்கும் முறை) ஆர்.ஆர்.எம்.1 புரதத்தைப் பாருங்கள்.

பிளாஸ்டிக்கில் தனியாக வளரும் செல்லுக்கு இவ்வளவுதான். கணையக் கட்டியின் பெரும்பகுதி நார்த்திசு. அதிலுள்ள நட்சத்திரச் செல்கள் டிஆக்சிசைட்டிடினை வெளியே விட்டு, டி.சி.கே.வில் மருந்தோடு போட்டி போடும். அந்தச் செல் வளர்ந்த மீடியாவைப் பாதிக்குப் பாதி கலந்து அதே பிளேட்டைப் போட்டால் இது தெரியும். மீடியா கொடுத்த செல்லுக்கும் பி.சி.ஆர். கட்டாயம். முப்பரிமாணத்துக்கு 1.5 சதவீத அகரோஸ் 50 மைக்ரோலிட்டர் பூசிய வட்ட அடி வெல் மலிவு வழி. செல் தனியாக இறுகாமல் உதிரியாக நின்றால், கொலாஜன் கொஞ்சம் சேர்த்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அறுவைத் திசு வாங்குவதென்றால் நெறிமுறைக் குழு அனுமதி கையில் வந்த பிறகுதான்.

மருந்து பட்ட டிப், பிளேட், மீடியா எதையும் சிங்க்கில் ஊற்றக் கூடாது. இங்கே சிங்க் தண்ணீர் கடைசியில் ஓட்டேரி நல்லா ஓடையிலோ பக்கிங்காம் கால்வாயிலோ சேரக்கூடும். பிளீச் செல்லைக் கொல்லும், ஆனால் மருந்தும் தீர்ந்துவிட்டது என்று நம்பாதீர்கள். சைட்டோடாக்சிக் (செல்லைக் கொல்லும் நஞ்சு) என்று லேபிள் ஒட்டிய மஞ்சள் பையில் போட்டு, 1200 டிகிரிக்கு மேல் எரிக்கும் மருத்துவக் கழிவு நிலையத்துக்குக் கொடுங்கள். மருந்தில்லாத செல் கழிவு மட்டும் ஆட்டோகிளேவுக்குப் போகலாம்.