தூண்டிலுக்குத் தனிக் கணக்கு

மும்பை தாராவியிலோ மாட்டுங்காவிலோ குடியிருந்து, மாதச் சம்பளத்தை விடாமல் மீன்பிடி ஆசையையும் வளர்க்க விரும்புபவர், வீட்டுச் செலவோடு கலக்காமல் தூண்டிலுக்கெனத் தனிக் கணக்கு எழுத வேண்டும். பணம் பெரும்பாலும் கருவிகளிலேயே கரையும். தூண்டில் நூலைச் சுற்றும் ரீல் நல்லதாக ஒன்றை வாங்கி, கடலுக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும் நன்னீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெயிட்டு வைத்தால், அடிக்கடி புதிது வாங்கும் செலவு மிச்சமாகும். பிடித்த மீனை விற்றே பிழைக்கலாம் என்று நம்ப வேண்டாம். கொடுவா எல்லா ஞாயிற்றுக்கிழமையும் கடிப்பதில்லை. அதைவிட, உணவுப் பாதுகாப்புப் பதிவு பெற்று, விடியலில் மும்பையின் மீன்பிடித் துறைமுகமான சசூன் டாக்கில் வாங்கிய மீனைச் சுத்தம் செய்து, முன்பணம் கொடுத்த அக்கம்பக்கத்தாருக்கு மட்டும் விற்பது பாதுகாப்பானது. மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை இருந்து, வாங்கி விற்க மீன் குறைவதால், அந்த மாதங்களுக்கு ரீல் பழுதுபார்க்கும் வேலையை ஒதுக்கி வையுங்கள்.